குப்பை வண்டி வராத ஊர்: ஜப்பானின் காமிகட்சு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஜப்பானின் ஷிக்கோக்கு தீவில், டோக்குஷிமா மாகாணத்து மலைகளுக்குள் காமிகட்சு என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை 1,500க்கும் குறைவு. அதில் பாதிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். மலைச்சரிவுகளில் வெவ்வேறு உயரங்களில் 55 சின்னச் சின்னக் குடியிருப்புகளாக ஊர் சிதறிக் கிடக்கிறது. இங்கே வீடு வீடாகக் குப்பை வண்டி போவதில்லை. வீட்டில் சேரும் பொருள்களை மக்களே பிரித்து, கழுவி, உலர வைத்து, ஊருக்கே பொதுவான ஒரே சேகரிப்பு நிலையத்துக்கு எடுத்துப் போகிறார்கள். 2016 முதல் அங்கே 45 வகையாகப் பிரித்துப் போட்டு வந்தார்கள். ஊரின் குப்பையில் ஏறத்தாழ 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது. ஜப்பான் முழுவதற்குமான சராசரி 20 சதவீதம்தான்.

இந்த எண்களைக் கேட்டதும் பெரும்பாலும் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "அது ஜப்பான்காரர்களின் ஒழுக்கம், நமக்கெல்லாம் வராது." இன்னொன்று, "1,500 பேர் இருக்கிற ஊரில் எதை வேண்டுமானாலும் செய்யலாம்." ஒழுக்கம்தான் காரணம் என்றால் ஜப்பானின் சராசரி ஏன் 20 சதவீதத்தில் நிற்கிறது? சின்ன ஊர் என்பதுதான் காரணம் என்றால் அந்த நாட்டில் உள்ள மற்ற சிற்றூர்களும் இதே நிலைக்கு வந்திருக்க வேண்டுமே. காமிகட்சுவின் கதையை ஆண்டுவாரியாகப் பின்னோக்கிப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறொன்று. எத்தனை வகையாகப் பிரிப்பது என்பதை அங்கே தீர்மானித்தவர்கள், பிரித்த பொருளை எடுத்துக்கொள்ள மறுமுனையில் இருந்தவர்கள். வீட்டிலிருந்து தொடங்காமல் ஆலை வாசலிலிருந்து பின்னோக்கிப் போட்ட திட்டம் அது.

எல்லாவற்றையும் எரித்த காலம்

1990களின் நடுப்பகுதி வரை காமிகட்சுவில் குப்பைக்கு ஒரே வழிதான் இருந்தது. ஹிபிகாதானி என்ற இடத்தில் ஒரு திறந்தவெளிப் பள்ளம். வேண்டாததை எல்லாம் அங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள், எரிப்பார்கள். இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆள்கள் வந்து பார்க்கிற சேகரிப்பு நிலையம் நிற்பதும் அதே ஹிபிகாதானியில்தான்.

திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்ற நெருக்கடி வந்தபோது, ஊர் நிர்வாகம் 1998இல் இரண்டு சிறிய எரிஉலைகளை அமைத்தது. அவை மூன்று ஆண்டுகள்கூட முழுமையாக ஓடவில்லை. காரணம் டையாக்சின். பிவிசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைப் போதிய வெப்பமில்லாமல் எரித்தால் இந்த நச்சு உருவாகிறது. அதைத் தடுக்க உலையின் வெப்பத்தை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் விடாமல் வைத்திருக்க வேண்டும். காலையில் பற்றவைத்து மாலையில் அணைக்கிற சிறிய உலைகளில் அது முடியாத காரியம். டையாக்சினைக் கட்டுப்படுத்த ஜப்பான் 1999இல் தனிச்சட்டம் இயற்றியது. 2000 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. காமிகட்சுவின் உலைகள் அந்த அளவுகோலில் தேறவில்லை. 2000ஆம் ஆண்டு முடிவில் மூடப்பட்டன.

அப்போது ஜப்பான் அரசு எல்லா ஊர்களுக்கும் காட்டிய வழி, பல ஊர்கள் சேர்ந்து பெரிய உலை கட்டுவது. நாளுக்கு 100 டன்னாவது எரிக்கும் உலையாக இருக்கட்டும், இரவு பகலாக ஓடட்டும் என்பதுதான் வழிகாட்டுதல். காமிகட்சுவில் ஓர் ஆண்டு முழுக்கச் சேரும் குப்பையே சுமார் 300 டன். அப்படிப்பட்ட உலைக்கு அது மூன்று நாள் தீனி. தனியாக உலை கட்டப் பணமில்லை. மலைப்பாதை வழியே வெளியூர் உலைக்கு அனுப்பினால் எடைக்கு ஏற்ப ஆண்டுதோறும் கட்டணம் கட்டியாக வேண்டும். எரிக்க வேண்டியதைக் குறைத்தால்தான் செலவு குறையும் என்ற நிலை. லட்சியம், அறிக்கை எல்லாம் பின்னால் வந்தவை. முதலில் வந்தது இந்தக் கணக்கு.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல ஊர்களில் தரம்பிரிப்புத் திட்டம் தொடங்கும்போது, பிரிக்காமல் கலந்து போடுவதற்கான பழைய வழியும் திறந்தே இருக்கும். மக்கள் வீட்டில் பிரித்துக் கொடுத்ததை ஒரே வண்டியில் கொட்டிக் கலப்பதை அவர்களே கண்ணால் பார்ப்பார்கள். அடுத்த வாரம் யார் பிரிப்பார்கள்? காமிகட்சுவில் அந்தப் பழைய கதவு 2000 முடிவில் அடைபட்டுவிட்டது.

சமையலறைக் கழிவு வீட்டைத் தாண்டக் கூடாது

உலைகளை மூடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஊர் ஒரு வேலையைத் தொடங்கியிருந்தது. காய்கறித் தோல், மீன் முள், மிஞ்சிய சோறு போன்ற மக்கும் குப்பையை அவரவர் வீட்டிலேயே உரமாக்குவது. தோட்டத்தில் வைக்கும் உரத்தொட்டிக்கும், 1995 முதல் மின்சாரத்தில் இயங்கும் உரமாக்கும் கருவிக்கும் நிர்வாகம் மானியம் கொடுத்தது. மின்கருவிக்கு மானியம் தந்ததில் ஜப்பானில் காமிகட்சுதான் முன்னோடி. இன்று கிட்டத்தட்ட எல்லா வீடுகளிலும் இந்தப் பழக்கம் இருக்கிறது. சேகரிப்பு நிலையத்தில் சமையலறைக் கழிவுக்கென்று ஒரு பெட்டியே கிடையாது.

45 பெட்டிகளைப் படமெடுக்க வருகிறவர்கள், அங்கே இல்லாத இந்த ஒரு பெட்டியைக் கவனிப்பதில்லை. என்னைக் கேட்டால் முழு ஏற்பாட்டின் அடித்தளமே அதுதான். வீட்டுக் குப்பையில் கனமானது, ஈரமானது, நாற்றமெடுப்பது, புழு வைப்பது எல்லாம் சமையலறைக் கழிவுதான். தினமும் வெளியேற்ற வேண்டியிருப்பதும் அதை மட்டும்தான். அது வீட்டோடு நின்றுவிட்டால் மிச்சமுள்ளவை உலர்ந்த பொருள்கள். ஒரு மூலையில் வாரக்கணக்கில் வைத்திருக்கலாம். அதனால்தான் மலைமேல் இருக்கிற ஒருவர் அவருக்குத் தோதான நாளில் வண்டி எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வர முடிகிறது, தினமும் வண்டி விடும் செலவு ஊருக்கு மிச்சமாகிறது. காகிதம் நனையாமல், பிளாஸ்டிக்கில் குழம்பு ஒட்டாமல் வந்து சேர்கிறது. ஈரக் கழிவு கலந்த காகிதத்தை எந்த ஆலையும் வாங்காது. கலந்துவிட்ட பிறகு 45 பெட்டி வைத்தாலும் 400 பெட்டி வைத்தாலும் பயனில்லை.

வீட்டைச் சுற்றி மண்ணும் தோட்டமும் இருப்பது காமிகட்சுக்காரர்களுக்கு வசதிதான், மறுக்க முடியாது. மாடிக் குடியிருப்பில் இதையே அப்படியே செய்ய முடியாது. ஆனால் அங்கேயும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஈரக் கழிவுதான். அதைத் தள்ளிவைத்துவிட்டு பாட்டிலுக்கு ஒரு பெட்டி, காகிதத்துக்கு ஒரு பெட்டி என்று தொடங்குகிற திட்டங்கள் தடுமாறுவது இதனால்தான்.

9, 35, 45

கொள்கலன்களையும் பொதிபொருள்களையும் மறுசுழற்சி செய்வதற்கான சட்டத்தை ஜப்பான் 1995இல் இயற்றி, 1997இல் கண்ணாடி பாட்டிலிலும் பெட் (PET) எனும் பிளாஸ்டிக் பாட்டிலிலும் தொடங்கியது. மக்கள் பிரிக்க வேண்டும், உள்ளாட்சி சேகரிக்க வேண்டும், அந்தப் பொதிபொருளைத் தயாரித்தும் பயன்படுத்தியும் விற்கிற நிறுவனங்கள் மறுசுழற்சிச் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் அமைப்பு. 1997இல் காமிகட்சுவில் 9 வகை. உலைகள் மூடப்பட்டதும் 2001இல் 35.

அந்தத் தாவல் எப்படி நடந்தது? எரிக்க முடியாது என்றானதும், குப்பையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று நிர்வாகம் தேடத் தொடங்கியது. எடுத்துக்கொள்ள ஒருவர் கிடைத்தால் அவர் ஒரு நிபந்தனையோடு வருவார். அந்த நிபந்தனையே ஒரு புதிய பெட்டியாகும். காயலான் கடைக்காரர் செம்பையும் பித்தளையையும் இரும்பையும் தனித்தனியாகத் தராசில் வைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கலந்திருந்தால் எல்லாவற்றுக்கும் மலிவான விலைதான்.

காகிதத்தை எடுத்துக்கொள்வோம். செய்தித்தாள், அட்டைப்பெட்டி, இதழ்கள், பால் அட்டைப்பெட்டி, உள்ளே அலுமினியப் பூச்சுள்ள பெட்டி, காகிதக் கோப்பை, காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் கெட்டிக் குழல் எல்லாம் தனித்தனி. வெளியிலிருந்து பார்த்தால் வேண்டாத நுணுக்கம் போலத் தெரியும். ஆனால் பால் பெட்டியில் இருப்பது நீளமான நார் கொண்ட நல்ல காகிதக் கூழ். தனியாக வந்தால் மெல்லிய துடைப்புத்தாளும் கழிவறைக் காகிதமும் செய்யலாம். அலுமினியப் பூச்சு உள்ளதைப் பிரித்தெடுக்க வேறு ஏற்பாடுள்ள ஆலை வேண்டும். இரண்டையும் கலந்தால் நல்ல கூழும் கெட்டுப்போகும்.

கண்ணாடியில் நிறமற்றது, பழுப்பு, மற்ற நிறங்கள் என்று பிரிக்கிறார்கள். நிறமற்ற கண்ணாடியோடு பழுப்பு கலந்தால் மறுபடி நிறமற்ற பாட்டில் செய்ய முடியாது. பெட் பாட்டிலின் மூடி வேறு வகைப் பிளாஸ்டிக், ஆகவே அதற்குத் தனிப் பெட்டி. குழல்விளக்கும் மின்கலமும் தனி. ஜப்பானில் பாதரசம் உள்ள கழிவுகளைக் கையாள்வதற்குப் பெயர்பெற்ற இடம் வடகோடி ஹொக்கைடோவில் உள்ள இத்தொமுக்கா. ஒருகாலத்தில் அது பாதரசச் சுரங்கம். இவை தவிர ஒருமுறை பயன்படுத்தும் சாப்பாட்டுக் குச்சிகள், பயன்படுத்திய சமையல் எண்ணெய், லைட்டர், முகக்கண்ணாடி, பழைய துணி என்று பட்டியல் நீள்கிறது.

ஒரே பிளாஸ்டிக்கில் செய்த இரண்டு பொருள்கள்கூட இரண்டு பெட்டிக்குப் போனதுண்டு. பிஸ்கட் உறை பொதிபொருள் சட்டத்துக்குள் வரும். அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த வாளி பொதிபொருள் இல்லை, ஆகவே அந்தச் சட்டத்துக்குள் வராது. அதன் மறுசுழற்சிக்குப் பணம் தர நிறுவனம் எதுவும் கடமைப்படவில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த புதிய பிளாஸ்டிக் சட்டம்தான் இரண்டையும் சேர்த்துச் சேகரிக்க உள்ளாட்சிகளுக்கு வழிவிட்டது. ஆக, பெட்டிகளின் எண்ணிக்கையில் பொருளின் தன்மைக்கு எவ்வளவு பங்கோ, சட்டத்தின் கோடுகளுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

எண்ணிக்கை ஏறிக்கொண்டேதான் போனது என்றும் சொல்ல முடியாது. 35 பிறகு 34 ஆனது, 2016இல் 45 ஆனது, சமீபத்தில் 43க்கு இறங்கியது. பிரிவு கூடினால் முன்னேற்றம், குறைந்தால் தோல்வி என்று நினைப்பது தவறு. எடுத்துக்கொள்பவர் மாறினால் பெட்டியும் மாறும்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

தொடக்கத்தில் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. இத்தனை நாள் பள்ளத்தில் கொட்டிவிட்டுப் போனவர்களிடம், இனி பால் பெட்டியை வெட்டி விரித்துக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும். அதிகாரிகள் குடியிருப்பு குடியிருப்பாகப் போய் மக்களைக் கூட்டி விளக்கினார்கள்.

ஆனால் பேச்சைவிட அதிகம் வேலை செய்தது நிலையத்தில் இருக்கும் பலகைகள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் மேலும் மூன்று செய்திகள் இருக்கும். இது எங்கே போகிறது, அங்கே என்னவாகிறது, இதனால் ஊருக்குக் கிலோவுக்கு எத்தனை யென் வருகிறது அல்லது எத்தனை யென் செலவாகிறது. உலோகமும் காகிதமும் காசு கொண்டுவருபவை. எரிக்க வேண்டியதும் புதைக்க வேண்டியதும் காசு தின்பவை. கழுவாத பிளாஸ்டிக்கை எரிக்கும் பெட்டியில் போடுகிறவருக்கு, ஊர்ப் பணத்திலிருந்து எவ்வளவு போகிறது என்பது கண்ணெதிரே எழுதியிருக்கும். அபராதமும் கண்காணிப்புக் கேமராவும் செய்யாததை இந்தத் திறந்த கணக்கு செய்கிறது. குப்பைக் கணக்கை இப்படிப் பெட்டி பெட்டியாக மக்கள் முன்னால் வைக்க எத்தனை உள்ளாட்சிகள் தயாராக இருக்கும்?

நிலையத்தில் பணியாளர்கள் எப்போதும் இருப்பார்கள். இது எந்தப் பெட்டிக்கு என்று குழம்பி நின்றால் வந்து சொல்வார்கள். ஆண்டின் இறுதி, தொடக்க விடுமுறை தவிர மற்ற நாள்களில் நிலையம் திறந்திருக்கும். "செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குள்" என்ற கெடு கிடையாது. வாகனம் ஓட்ட முடியாத முதியவர்களின் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் போய் எடுத்துவருகிறார்கள். பாதிப் பேர் முதியவர்களாக உள்ள ஊரில் இந்தச் சின்ன விதிவிலக்கு இல்லாவிட்டால் முழு ஏற்பாடும் சரிந்திருக்கும். இதுவும் ஈரக் கழிவு வீட்டோடு நின்றதால்தான் சாத்தியமாகிறது என்பதையும் கவனியுங்கள். இல்லையென்றால் இரண்டு மாதம் எதை வைத்திருக்க முடியும்?

அறிக்கையும் அதற்குப் பின்பும்

இந்த அனுபவத்தின் மேல் நின்றுதான் 2003 செப்டம்பரில் காமிகட்சு, ஜப்பானின் உள்ளாட்சிகளில் முதலாவதாக, பூஜ்யக் குப்பை அறிக்கையை வெளியிட்டது. 2020க்குள் எரிப்பதையும் புதைப்பதையும் நிறுத்துவது இலக்கு. அப்போதைய மேயர் கஸுயிச்சி கசமட்சு. அதே ஆண்டு அமெரிக்க வேதியியல் பேராசிரியர் பால் கானெட் ஊருக்கு வந்து பேசியது இதற்கு ஒரு தூண்டுதல். 2005இல் ஜீரோ வேஸ்ட் அகாடமி என்ற தன்னார்வ அமைப்பு உருவாகி, நிலையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது. பின்னாளில் அதன் தலைவராக இருந்த அகிரா சகானோ 2019இல் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டின் இணைத்தலைவர்களில் ஒருவராக இருந்தார்.

2006இல் நிலையத்தை ஒட்டி 'குருகுரு' கடை வந்தது. ஊர்க்காரர்கள் தமக்கு வேண்டாத, ஆனால் நல்ல நிலையில் உள்ள பாத்திரம், துணி, பொம்மையை வைத்துவிட்டுப் போகலாம். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துப் போகலாம். எடையைக் குறித்துவிட்டுப் போனால் போதும். 2020இல் நிலையம் முழுவதும் புதுப்பிக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஹிரோஷி நகமுரா வடிவமைத்த அந்த வளாகத்தை மேலிருந்து பார்த்தால் கேள்விக்குறி போலிருக்கும். அதன் சுவரில் உள்ள சுமார் 700 ஜன்னல்கள் மக்கள் கொடுத்த பழைய ஜன்னல்கள். தங்கும் விடுதியும் அதனுள் உண்டு. விருந்தினர்களும் தங்கள் குப்பையைப் பிரித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

"அது சின்ன ஊர்"

இந்த மறுப்புக்கு ஜப்பானிலேயே பதில் இருக்கிறது. ககோஷிமா மாகாணத்தில் ஓசாகி என்ற ஊர். மக்கள்தொகை சுமார் 12,000, அதாவது காமிகட்சுவைப் போல எட்டு மடங்குக்கும் அதிகம். அங்கே எரிஉலையே இல்லை. எல்லாம் புதைகுழிக்குப் போய்க்கொண்டிருந்தது. குழி திட்டமிட்டதைவிட வேகமாக நிரம்பியது. பெரிய உலை கட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் ஆகும் செலவைப் பார்த்துவிட்டு, 1998இல் தரம்பிரிப்பைத் தொடங்கினார்கள். பிறகு அது 27 வகை வரை வளர்ந்தது. மறுசுழற்சி 80 சதவீதத்துக்கு மேல். தொடர்ந்து பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடம்.

காமிகட்சுவைப் போல ஒரே நிலையம் அங்கே இல்லை. தெருவாரியாகச் சேகரிப்பு இடங்கள், அவற்றை நடத்த மக்கள் சங்கங்கள். சமையலறைக் கழிவை வீட்டிலேயே முடிக்கச் சொல்லாமல், வாளிகளில் வாரம் மூன்று முறை தனியாக எடுத்து, வெட்டிய புல், கிளைகளோடு சேர்த்து உரமாக்குகிறார்கள். வழிமுறை முற்றிலும் வேறு. ஈரக் கழிவைத் தனியாக விலக்கியது, எரிக்கிற வழி இல்லாமல் போனது, எடுத்துக்கொள்பவரைப் பொறுத்து வகையைத் தீர்மானித்தது இவை மட்டும் பொது.

மிச்சமுள்ள 20

காமிகட்சு தன் 2020 இலக்கை எட்டவில்லை. 80 சதவீதத்தைச் சுற்றியே எண்ணிக்கை நின்றுவிட்டது. மிச்சமிருப்பது என்ன என்று பார்த்தால் காரணம் விளங்கும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் போடும் டயப்பர், மாதவிடாய் அணையாடை, செருப்பு, காலணி, பிவிசி பொருள்கள், தோலும் ரப்பரும் ஒட்டியவை. ஒரு காலணியில் துணி, ரப்பர், பிளாஸ்டிக், பசை, உலோக வளையம் என்று ஐந்தாறு பொருள்கள் ஒன்றோடொன்று பிரிக்க முடியாதபடி ஒட்டியிருக்கும். எவ்வளவு பொறுமைசாலியாலும் அதை வீட்டில் பிரிக்க முடியாது. வீட்டுக்காரர் செய்யக்கூடியதை எல்லாம் செய்து முடித்துவிட்டார். பந்து இப்போது தயாரிப்பவரிடம் இருக்கிறது. இருபது ஆண்டு உழைத்து இந்த எல்லையை உலகத்துக்குத் துல்லியமாகக் காட்டியதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். 2020 டிசம்பரில் ஊர் 2030ஐ நோக்கிய புதிய அறிக்கையை வெளியிட்டது.

குறைகளும் உண்டு. கழுவுவது, உலர்த்துவது, வண்டியில் கொண்டுபோவது எல்லாம் கூலியில்லாத வீட்டு உழைப்பு. ஊரின் வயது ஏற ஏற, வீட்டுக்குப் போய் எடுத்துவரும் சேவையின் பாரம் கூடும். 1,500 பேரிடம் கிடைக்கிற சிறிய அளவுப் பொருளுக்காகத் தூரத்து ஆலையோடு பேசி விலை முடிப்பதும் எளிதல்ல.

அந்த 20 சதவீதத்தில் அடங்கும் டயப்பரில் மட்டும் ஒரு கதவு திறந்திருக்கிறது. ஓசாகிக்குப் பக்கத்து நகரான ஷிபுஷியோடு சேர்ந்து, டயப்பர் தயாரிக்கும் யூனிசார்ம் நிறுவனம் 2016இல் ஒரு முயற்சியைத் தொடங்கியது. பின்பு ஓசாகியும் சேர்ந்தது. பயன்படுத்திய டயப்பரைத் தனியாகச் சேகரித்து, கழுவிப் பிரித்து, அதிலுள்ள கூழை ஓசோனால் கிருமி நீக்கி, மறுபடி டயப்பருக்கே பயன்படுத்துகிறார்கள். எடுத்துக்கொள்ள ஆள் வந்ததும் அந்த ஊர்களில் டயப்பருக்கும் தனிப் பெட்டி வந்துவிட்டது.